மேலேயிருந்து பார்த்தால்

டென்மார்க்குக்கு வந்து எங்கள் சனத்துக்கு நான் சொன்ன முதல் பொய், கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன் என்பது. நான் எங்கே கிளாக்கராக இருந்தேன்! மீசை முளைத்த கையோடு இலங்கை விமானப்படையில் சேர்ந்தவன். அங்கே பெடியன்களுக்குப் பறக்கப் பழக்கினேன். தமிழனுக்கு இனி இங்கே ஏறுவதற்குப் படி இல்லை என்று விளங்கியதும் விலகி, வளைகுடாப் பக்கம் போய்ச் சாமான் ஏற்றும் விமானம் ஓட்டினேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மனைவியோடு டென்மார்க்குக்கு வந்து, ஹேர்னிங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்வெற்றர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்கட பழைய புராணத்தை ஒருத்தருக்கும் அவிழ்க்காதேங்கோ," என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். "இஞ்ச இருக்கிறதெல்லாம் ஹெலிக்குப் பயந்து ஓடிவந்த சனம்."

அவள் சொல்லாவிட்டாலும் நான் அவிழ்த்திருக்க மாட்டேன். என்னிடம் பறக்கப் பழகிய பெடியன்களில் சிலர் பிறகு ஹெலிகொப்டருக்கு மாறினார்கள். தாழப் பறப்பது எப்படி என்று அவர்களுக்குக் காட்டியவன் நான். "கீழே நிக்கிறது ஆம்பிளையா பொம்பிளையா எண்டு தெரியேல்லையெண்டா நீ இன்னும் உயரத்தில நிக்கிறாய்," என்று அவர்களைத் திட்டுவேன். அது வெள்ளத்தில் அகப்பட்ட சனத்துக்குச் சாப்பாட்டுப் பொதி போடுகிற காலம். ஆனால் ஊரில் ஹெலி சனத்தைச் சுட்டதாக ஒவ்வொரு செய்தி வரும்போதும், ஓட்டியவன் நான் பழக்கிய பெடியனாக இருக்குமோ என்று மனம் கிடந்து அடிக்கும். வெட்கம் பிடுங்கித் தின்னும். கடையில் பால் வாங்க நிற்கும்போதுகூட.

எண்பத்தாறு கோடையில் எல்லாம் வெளியே வந்தது. எங்களுக்கு மேல் வீட்டில் மன்னார்க்காரி ஒருத்தி தன் மகளோடு இருந்தாள். ஊரில் கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷனைப் படையினர் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை கொடுத்த நாள். மாடிவீடுகளுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் மேசை போட்டு, ஆட்டிறைச்சிக் கறியும் ரோல்ஸும் கேக்குமாக ஒரு விருந்து வைத்தாள். தெரிந்த தமிழ்ச் சனம் எல்லாம் வந்திருந்தது.

கிட்டத்தில் ஒரு போர்விமானத் தளம் இருந்தது. வழக்கமாக உயரத்தில்தான் போவார்கள். அன்றைக்கு ஒருவன் கூரைகளை உரசுகிற மாதிரி வந்தான். சத்தம் கேட்டதுதான் தாமதம், அவ்வளவு சனமும் புல்லில் குப்புற விழுந்தது. கோப்பைகள் ஒரு பக்கம், கறிச் சட்டி ஒரு பக்கம். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளை மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டது. மேல் மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த டெனிஷ் கிழவி வாயைப் பிளந்தபடி நின்றாள்.

நான் மட்டும் விழவில்லை. கையைப் புருவத்தில் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சீ, உள்ளதைச் சொன்னால் என்ன, சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த எஞ்சின் சத்தம் நெஞ்சுக்குள் புகுந்தபோது என்னுடைய கிழட்டு உடம்பு கலியாண மேளம் கேட்டதுபோலத் துள்ளியது. போதாக்குறைக்கு, "பயப்பிடாதேங்கோ, பயிற்சிதான்! இப்ப இடப்பக்கம் சரிச்சுத் திருப்புவான், பாருங்கோ!" என்று கத்தினேன். அவனும் என் சொல்லைக் கேட்டவன்போல இடப்பக்கம் சரித்துத் திருப்பினான்.

சனம் வெட்கத்தோடு எழும்பிப் புல்லைத் தட்டியது. ஒருவர் தட்டியபடியே கேட்டார்: "அண்ணை, கிளாக்கருக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

பொய் ஒன்றைத் தேடினேன். அந்த நேரம் பார்த்து ஒன்றும் வரவில்லை.

"நான் பிளேன் ஓடினனான்."

"எங்கை?"

"அங்கைதான். படையில."

ஒருத்தரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவர்கள் தலையைக் குனிந்து கோப்பைகளைப் பொறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றியிருந்த கதிரைகள் வெறுமையாகின. மன்னார்க்காரி மட்டும் பிள்ளையை அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மன்னார்க்காரிதான். எடுத்தெறிந்து பேசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்து கதிரை நுனியில் இருந்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். ஹெலியில மேலையிருந்து பாக்கேக்கை கீழை நிக்கிற ஆளைத் தெரியுமே?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த உயரத்தில் மனுசர் எறும்புபோல, அவன் கண்மண் தெரியாமல் சுட்டிருப்பான் என்று சனம் எல்லாம் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தது. குசினி வாசலில் நின்ற மனைவி, "தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்று கண்ணால் கெஞ்சினாள். ஆனால் முதல் நாள் சபையில் அவிழ்ந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

"தெரியும், தங்கச்சி. தாழ வந்தா வடிவாத் தெரியும்."

"உங்களுக்கென்ன விசரே!" என்று மனைவி கத்தினாள்.

மன்னார்க்காரி அழவில்லை. முன்னுக்குச் சாய்ந்தாள். "அண்டைக்கு என்ர மனுசன் ஆடாமல் அசையாமல் நிண்டவர். நான்தான் வீட்டு வாசல்ல நிண்டு கத்தினனான், வெள்ளைச் சேட்டைக் கழட்டி ஆட்டுங்கோ, சும்மா சனம் எண்டு தெரியட்டும் எண்டு. ஆட்டினவர். சுட்டாங்கள். மேலையிருந்து ஆள் தெரியாது எண்டு எல்லாரும் சொல்லேக்கை, அப்ப நான் ஆட்டச் சொன்ன சேட்டுத்தானே காட்டிக் குடுத்தது எண்டு..." கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். "ஆட்டாமல் நிண்டிருந்தாலும் கண்டிருப்பாங்களே, அண்ணை?"

"கண்டிருப்பாங்கள்."

"உண்மையாவோ?"

"உண்மையா. சேட்டு இல்லாட்டியும் கண்டிருப்பாங்கள். அப்பிடிப் பாக்கத்தான் பழக்கிறது."

அப்படிப் பழக்கினவனே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழும்பி வந்து என்னுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்கள் நல்லாயிருக்கோணும், அண்ணை."

அதற்குப் பதில் அவள் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.