தில்லைப்பால் கலந்த ஓடை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி சுருங்கிப் போயிருந்தது. கோட்டைச் சமையலுக்கு மீன் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த என் மாமாவின் கூடை நிறையவே இல்லை. அம்மாவின் தம்பி அவர். எல்லோரையும் சிரிக்க வைக்கிற மனிதர், படகடியிலேயே சுருண்டு கிடந்தார். கூடை நிறையாவிட்டால் படகைப் பிடுங்கிக்கொள்வதாக, ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கும் துபாசி சொல்லிவிட்டானாம்.

மறுநாள் காலையில் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நண்டு பொறுக்கப் போறியே, மீனு எங்க மொய்க்குதுன்னு தெரியுமா?"

எனக்கு ஏழு வயது. பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டதே பெருமையாக இருந்தது. தில்லை மரங்களுக்குள் ஒளிந்திருந்த ஓடையைக் காட்டிக்கொடுத்தேன். மாமா மரத்தைக் கொத்தி, வடிந்த பாலைக் கலயத்தில் பிடித்தார்.

"கண்ணுல பட்டா குருடாயிடுவே, தள்ளி நில்லு."

பாலை ஓடையில் ஊற்றினார். சற்று நேரத்தில் மடவை மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. நான் கைதட்டினேன். பெரிய மீன்களை மட்டும் மாமா அள்ளிக்கொண்டார். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக மிதந்து ஏரிக்குள் போயின. அடுத்தடுத்த நாட்களில் மற்ற ஓடைகளையும் நானே காட்டினேன். படகு தப்பியது.

என் அப்பா, நைனாவுக்குத் தெரிந்தபோது கரையெல்லாம் நாறிக்கொண்டிருந்தது. மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கீற? அடுத்தது யார் முறைன்னு தெரியுமா?"

"படகு போனா நான் இன்னா பண்றது மச்சான்?"

எங்கள் ஏரியில் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் வலை நாள் தவறாமல் வெறும் பாசியோடு ஏறியது. அந்த வீட்டு அடுப்பு அணைந்தது. அம்மா கொஞ்ச நாள் கஞ்சி கொடுத்தனுப்பினாள். பிறகு எங்களுக்கே கஞ்சி இல்லை.

அப்போதுதான் அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல் வந்து நின்றது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் தம் மகளைக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போனார். என் வயதுக்காரி, என்னோடு நண்டு பொறுக்குகிறவள். தலை வாரிப் பின்னியிருந்தது.

"கப்பல்ல போறேன். அங்க தினமும் சோறாம்" என்றாள்.

அவள் அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா படகுக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

என்னையும் கப்பலில் அனுப்பச் சொல்லி நான் மண்ணில் புரண்டு அழுதேன். அம்மா ஓங்கி அறைந்தாள். அடுத்த கணமே மூச்சு முட்டும்படி என்னை இறுக்கிக்கொண்டாள். நான் கேட்டது சோறுதான். அதற்கு ஏன் அடித்தாள், ஏன் அணைத்தாள் என்று எனக்குப் புரியவில்லை.