ஹம்சவேணியின் அப்பா வேலை பார்த்த ஆபீஸ்

எங்கள் பி.சி.ஏ. வகுப்பில் பயந்தாங்கொள்ளி என்றால் அது ஹம்சவேணிதான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்றால் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். லேபில் கரண்ட் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டால்கூடத் தப்புச் செய்தவள் மாதிரி முழிப்பாள். "உன்னையெல்லாம் எவன்டி வேலைக்கு எடுப்பான்?" என்று தினமும் கேலி செய்வேன். எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது. அதனாலோ என்னவோ மூன்று வருஷமும் ஒரே பெஞ்சில் ஒத்துப்போனோம்.

மகால் பக்கம் ஒரு சந்தில் அவள் வீடு. அப்பா ராமதாஸ் ஒரு நூல் மில்லில் ரொம்ப காலம் கணக்கு எழுதியவர். நாங்கள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அந்த மில்லை மூடிவிட்டார்கள். யாரோடும் பேசாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த மனிதர், ஒருநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கிளம்பினார். அன்றைக்கு ஹம்சவேணி வகுப்புக்கே கேசரி கொண்டுவந்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

2003-இல், கடைசி வருஷம், எங்கள் பஞ்சாபகேசன் சார் வகுப்பையே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். அழகர்கோவில் ரோட்டில், ஹம்சவேணியின் அப்பா வேலை பார்க்கும் அதே கம்பெனி. வராதவர்களின் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பேன் என்று வேறு மிரட்டியிருந்தார்.

காலேஜ் பஸ் தல்லாகுளம் தாண்டியபோதுதான் ஹம்சவேணி என் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா என்னைய லீவு போடச் சொன்னாருடி. சார் விடமாட்டாருன்னேன். அதுக்கப்புறம் சோத்துலயே கை வைக்கல. காலைல கிளம்பும்போது, அங்க என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னுட்டுப் போயிட்டாரு."

"ஏண்டி? என்னவாம்?"

"தெரியலையே. வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களோ? எங்கிட்டாவது பார்க்குல உக்காந்துட்டு வாராரோ? என்னமோ இருக்குடி."

"கண்டதையும் நெனைக்காத, சும்மா வா" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதைத்தது. பெற்ற மகளிடம் ஒரு மனிதர் அப்படிச் சொல்வாரா?

கம்பெனியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் எல்லாமே மறந்துபோனது. அது ஒரு பழைய கல்யாண மண்டபம்! மணமகன் அறை என்று சுவரில் எழுதியிருந்ததை அழிக்காமலேயே உள்ளே சர்வர் வைத்திருந்தார்கள். பந்தி மேஜைகளில் வரிசையாகக் கம்ப்யூட்டர். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் சாக்கு மூட்டை மாதிரி மெத்தைகள். அதில் ஒருத்தன் படுத்துக்கொண்டே டைப் அடித்தான். நடுக்கூடத்தில் ஊஞ்சல், மூலையில் கேரம் போர்டு. லேபுக்குள் செருப்பில்லாமல் போய்ப் பழகிய நாங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். அவர்களோ ஷூவோடு உள்ளே திரிந்தார்கள்.

அரை டிரவுசர் போட்ட ஒரு பையன் வந்து எங்களை ஜமுக்காளத்தில் உட்காரவைத்தான். "இங்க சார், மேடம் கிடையாது. போஸ்டிங் பேரும் கிடையாது. எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். எல்லாரும் ஈக்வல்" என்றான். பஞ்சாபகேசன் சாரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹம்சவேணி மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ராமதாஸ்! இங்க வா" என்று மேடையிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. எங்களைவிட மூன்று நாலு வயது கூட இருப்பான். என் அப்பா வயது மனிதரை மொட்டையாக ராமதாஸாம், வாவாம். ஈக்வலாம், மண்ணாங்கட்டி! ஹம்சவேணியின் அம்மா இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் வந்தார். நரைத்த தலை, கண்ணாடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. ஹம்சவேணியிடமிருந்து பெருமூச்சு வந்தது. ஆள் இங்கேதான் இருக்கிறார், வேலையும் இருக்கிறது. அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

யார் வந்தாலும் அந்த ஆபீசில் ஒரு விளையாட்டு உண்டாம். நாலு பேரை மேடையில் நிறுத்துவார்கள். யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று வந்தவர்கள் சொல்லவேண்டும். அன்றைக்கு ராமதாஸும் அந்த அரை டிரவுசர் பையனும் அந்த நாலு பேரில் இருந்தார்கள். "முதல்ல, இதுல யாரு முதலாளி?" என்று கேட்டார்கள். எங்கள் இருவரைத் தவிர மொத்த வகுப்பும் ராமதாஸைத்தான் கை காட்டியது. பஞ்சாபகேசன் சார் எழுந்து அவருக்கு ஒரு கும்பிடே போட்டுவிட்டார். மண்டபமே அதிரச் சிரித்தது. அரை டிரவுசர் பையன் நெஞ்சைத் தட்டி, "நான்தான், அஸ்வத்" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் விளையாட்டை அதோடு விட்டிருக்கலாம்.

"அப்ப ராமதாஸ் என்ன பண்றாரு? நீங்க சொல்லுங்க" என்று, அவர் மகள் என்று தெரியாமலேயே ஹம்சவேணியைக் காட்டினான்.

அவள் எழுந்தாள். அப்போதுதான் அவர் முதல்முறையாக மகளைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை! அவர் சட்டையின் வயிற்றுப் பக்கம் ஈரமாக இருந்தது. பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத்தான் அந்த இடத்தில் அப்படி நனையும். நான் பார்த்துவிட்டேன். அவளும் பார்த்துவிட்டாள்.

"அக்கவுண்ட்ஸ்" என்றாள்.

மறுபடி ஒரே சிரிப்பு. "நீங்களே சொல்லுங்க ராமதாஸ்" என்றான் அஸ்வத்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணு சரியாத்தான் சொல்லிருக்கு. யாருக்குச் சீனி போடணும், யாருக்கு வேணாம், யாருக்கு எம்புட்டு டிகாக்‌ஷன், அம்புட்டும் என் கணக்குதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் சிரித்துவைத்து, பழைய சமையல்கட்டுக்குள் போனார். ஹம்சவேணி கை தட்டவில்லை. தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அழாதடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டில் டீ வந்தது. ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தவர், எங்கள் முன்னால் குனிந்து, தலை நிமிராமல், "எடுத்துக்கங்கம்மா" என்றார். பெற்ற மகளைப் போய் 'எடுத்துக்கங்க' என்கிறார்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஹம்சவேணி டீயை எடுக்கவில்லை. எழுந்து நின்றாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. அதில் கேட்டிருந்தால் அந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் புரிந்திருக்காது, அவர் மானமும் தப்பியிருக்கும். அவள் தமிழிலேயே கேட்டாள், கடைசி மேஜை வரைக்கும் கேட்கிற மாதிரி.

"அப்பா, நீங்க குடிச்சீங்களா?"

கீபோர்டுச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அவர் ஒருமுறை அஸ்வத்தைப் பார்த்தார், ஒருமுறை எங்கள் சாரைப் பார்த்தார். அப்புறம்தான் மகளைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல பாப்பா."

"உக்காந்து குடிங்க."

தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு டம்ளரை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, மெதுவாகக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை ஹம்சவேணி தட்டை ஏந்தியபடி அவர் பக்கத்திலேயே நின்றாள்.