கதிரைக்கு வைத்த பொட்டு

நான் டென்மார்க்குக்குப் போனதில்லை. ஆனால் அந்த நாட்டுத் தச்சர் ஒருவரின் சரித்திரம் என் மாமனாரின் சரித்திரத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மாமனாரின் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. தச்சரின் கதையை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், வியாழக்கிழமைதோறும் சொன்னார்கள்.

சொன்னவர் என் சிஞ்ஞோரா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். வியா மக்வேதா என்ற தெருவில் மூன்றாம் மாடியில் தனியே இருந்தார். அவர் பேசியது இத்தாலியன்தான். ஆனால் எனக்கு அது நம்முடைய பேச்சிலேயே நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்த வீட்டு விறாந்தையில் ஆறு கதிரைகள் இருந்தன. வெளிறிய ஓக் மரம், மெல்லிய கால்கள், வளைந்த முதுகு. இருக்கை மட்டும் காகிதத்தை முறுக்கித் திரித்த கயிற்றில் பின்னியது. காகிதத்தில் மனுஷர் குந்தி இருக்கலாமா என்று முதல் நாள் நான் கேட்டேன். கேட்டது என் பிழை. அன்று தொடங்கியது சரித்திரம். வியாழக்கிழமைதோறும் நான் அவற்றை மேலும் அடியுமாகச் சவர்க்கார நுரையால் கழுவும்போது ஒரு அத்தியாயம்.

அந்தத் தச்சர் இளவயதில் பணக்காரருக்கு அலுமாரி செய்து பிழைத்தாராம். சிங்க முகம், திராட்சைக் கொடி எல்லாம் செதுக்கிய, யானைக்குட்டி அளவு அலுமாரிகள். பிறகு நகரத்தில் வீடுகள் சிறுத்துவிட்டன. ஒருநாள் அவருடைய அலுமாரி ஒன்று மாடிப்படியில் சிக்கி, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று நின்றுவிட்டது. அதோடு மனுஷர் சிங்கத்தையும் திராட்சையையும் கைகழுவிவிட்டுக் கதிரை செய்ய இறங்கினார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரே கதிரையைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு வருடம் கால்களை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கினார், இன்னொரு வருடம் கைப்பிடியைக் குறைத்தார். யுத்தம் வந்து மரம் கிடைக்காத காலத்திலும் கிடைத்ததை வைத்து இழைத்தார். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். பிறகு சனங்களுக்குப் பிளாஸ்டிக் மோகம் பிடித்தது, பட்டறை பூட்டுப்பட்டது. ஒரு மனுஷர் ஒரு கதிரையோடு இவ்வளவு காலம் மல்லுக்கட்டினாரா என்று எனக்குச் சிரிப்பு வரும். சிஞ்ஞோராவுக்குக் கண் கலங்கும்.

சிஞ்ஞோராவின் கணவர் வேலை விஷயமாக அங்கே போனபோது பட்டறை வாசலிலேயே ஆறையும் வாங்கிக் கப்பலில் அனுப்பினாராம். அவற்றில் யாரும் இருக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். விருந்தாளிகள் வந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் பல்கனிப் பக்கத்துக் கதிரை கணவருக்கே உரியது. ஆட்கள் செருப்பைக் கழற்றுமுன் அவர் ஓடிப்போய் அதில் இருந்துவிடுவாராம். அவர் போன பிறகு ஆறும் சும்மாவே நின்றன. நானும் சிஞ்ஞோராவும் குசினியில் அடுப்புப் பக்கத்துப் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்து கோப்பி குடித்தோம். டென்மார்க் தச்சர் கண்டிருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்.

இந்தச் சரித்திரத்துக்கு ஒரு எதிரி இருந்தார். சிஞ்ஞோராவின் கணவரின் தங்கை. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் கோப்பியோடு அதையும் கிளறுவார்.

"டென்மார்க்காம்! பிரான்காச்சோ எண்டு சொல்லுங்கோ. அங்கை ஒரு பட்டறை வாசலிலை அண்ணன் காரிலையிருந்து கதிரை இறக்கினதை என்ர கண்ணாலை கண்டனான்."

பிரான்காச்சோ நகரத்தின் கிழக்கு ஓரம். சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்த இடம். இதைக் கேட்டதும் சிஞ்ஞோராவின் முகம் சிவக்கும், கோப்பைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள் மட்டும் பாத்திரம் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "கதிரை எங்கை செய்தால் எனக்கென்ன, பிள்ளை. ஆனால் என்ர மனுசன் முப்பது வருசம் எனக்குப் பொய் சொன்னவரோ எண்டு நினைச்சால் சாப்பாடு இறங்குதில்லை." எனக்கு அந்தத் தங்கைக்காரியின் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

ஒரு வருடம் புரட்டாசியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தச்சரின் பேத்தி இத்தாலியில் சுற்றுகிறாள், தாத்தாவின் கதிரைகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று பார்த்து வருகிறாள், பலெர்மோவுக்கும் வருவாளாம். சிஞ்ஞோரா மகிழ்ச்சியில் துள்ளினார். பிறகு பயந்தார். பிறகு தங்கைக்காரியையும் அழைத்தார், நேரில் பார்த்துவிட்டு வாயை மூடட்டும் என்று.

அவள் வரும் நாள் ஆயுத பூசை நாளாக அமைந்தது. ஒரேத்தோ என்ற பகுதியில் இருந்த எங்கள் அறையில் விடியவே சாமிப் படத்துக்கு முன்னால் என் கணவரின் வேலைக் கத்தியையும் என் தையல் பெட்டியையும் வைத்துப் பொட்டிட்டேன். பிறகு சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். கணவர் கண்டுவிட்டார்.

"அதை எங்கை கொண்டுபோறீர்?"

"சிஞ்ஞோரா வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கும் மின்னழுத்திக்கும் வைக்க. அதுகளும் என்ர ஆயுதந்தானே. கதிரையளுக்கும் வைக்கப்போறன்."

"உமக்கென்ன விசரே? அந்த மனுசி கண்டால் வேலை போகும்."

"காணாத இடத்திலை வைப்பன்."

வைத்தேன். ஒவ்வொரு கதிரையாகக் கவிழ்த்து, இருக்கைக்கு அடியில், முன்சட்டத்தின் உட்பக்கம் சந்தனம் தொட்டு அதன்மேல் குங்குமம் வைத்தேன். அம்மா தாயே, இதுகளை டென்மார்க் கதிரையாக்கிவிடு என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையை எடுக்கவில்லை, பின்னால் சிஞ்ஞோராவின் செருப்புச் சத்தம். பதறிப்போய், கதிரை கழுவவென்று சவர்க்கார நுரையில் ஊறவைத்திருந்த துணியால் ஆறையும் அவசரமாகத் துடைத்தேன். பூச்சில்லாத மரம், பொட்டு போகவில்லை. கரைந்து சிவப்பாகப் பரவியது. நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

பேத்தி வந்தாள். நல்ல உயரம், ஓயாத சிரிப்பு, உடைந்த இத்தாலியன். கோப்பியைக்கூடத் தொடவில்லை, நேரே போய் முதல் கதிரையைக் கவிழ்த்தாள். அடியில் சிவப்பு. சிஞ்ஞோரா, "மடோன்னா!" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

பேத்தி கத்தினாள். கோபத்தில் அல்ல. "மற்ற வீடுகளிலை ரோச் லைட் அடிச்சுத் தேடுவன். இஞ்சை எனக்காக நிறம் பூசி வைச்சிருக்கிறியள்!"

எல்லோரும் குனிந்தோம். குங்குமம் மரத்தில் லேசாகப் பரவி, கத்தியால் கீறிய மயிரிழைக் கோடுகளுக்குள் இறங்கித் தடித்திருந்தது. கோழிக்கால் மாதிரி மூன்று கோடுகள். பட்டறை வாசலில் விற்ற கதிரைக்குத் தாத்தா தன் கையாலேயே போடும் அடையாளமாம். அவ்வளவு காலமும் சவர்க்காரம் அடைத்துக் கண்ணுக்குப்படாமல் கிடந்திருக்கிறது. இரண்டாவது கதிரையிலும் கோழிக்கால். மூன்றிலும், நான்கிலும், ஐந்திலும். சிஞ்ஞோரா ஒவ்வொன்றுக்கும் தங்கைக்காரியை நிமிர்ந்து பார்த்தார். என் தலையும் நிமிர்ந்தது.

ஆறாவது, பல்கனிப் பக்கத்துக் கதிரை. கவிழ்த்தாள். சிவப்பு மட்டும் இருந்தது, கோடு இல்லை. பேத்தி விரலால் தடவினாள், மூட்டுகளைப் பார்த்தாள். "இது தாத்தா செய்ததில்லை," என்றாள் மெதுவாக. "ஆனால் செய்தவர் நல்ல கைக்காரன்."

"பாத்தியளே!" என்றார் தங்கைக்காரி. "ஒரு கதிரை! பிரான்காச்சோவிலை நான் கண்டதும் ஒரு கதிரைதான்."

இந்தப் பொட்டை நான் ஏன் வைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போது சிஞ்ஞோரா சிரிக்கத் தொடங்கினார்.

"என்ர மனுசன் உடைச்சுப்போட்டார்! உடைஞ்சதைத்தான் அங்கை காரிலை கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். எனக்குச் சொல்லப் பயத்திலை இன்னொண்டு செய்விச்சவர். அதுதான் ஆக்கள் வந்தவுடனை ஓடிப்போய் அதிலை குந்துறவர்!"

"உங்களோடை இருந்தால் ஆருக்குத்தான் பயம் வராது," என்று தங்கைக்காரியும் சிரித்துவிட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள். விஷயம் புரியாமலே பேத்தியும் சேர்ந்துகொண்டாள்.

பிறகு சிஞ்ஞோரா கதிரைகளை மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டு எங்களை இருக்கச் சொன்னார். நான் குசினிக்கு ஸ்டூல் எடுக்கப் போனேன், கையைப் பிடித்து இருத்திவிட்டார். காகிதக் கயிறு அப்படியே உடம்புக்கு இசைந்தது. அந்தத் தச்சர் ஏன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

சிஞ்ஞோரா மட்டும் பிரான்காச்சோ கதிரையில் இருந்தார். கைப்பிடியைத் தடவினார்.

"அந்த அஞ்சும் ஆருக்கோ செய்து வைச்சது, இவர் வாங்கினவர். இது எனக்கெண்டு செய்விச்சது," என்றார்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்ததென்று அன்று பின்னேரமே அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அடுத்த ஆயுத பூசைக்கு நான் போனபோது அந்தக் கதிரையை அவரே கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் பொட்டு அதற்குத்தான் வைக்க வேண்டுமாம்.