எட்டுக் கோன் நூலும் கோதை சொன்ன சராசரியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னவர் நூல் மில் லேப்பில் வேலை பார்த்திருக்க மாட்டார். கூம்புக் கட்டையில் சுற்றிய நூல் கோன் நாலைந்தைச் சோதித்துவிட்டு மொத்த நூலுக்கும் பதில் சொல்லித் தவிக்கும் என் இனத்தவரே, கேளுங்கள்.

முன் வரிசை

கோதை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் ராஜபாளையம் மில்லில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். மீட்டிங்கில் மட்டும் எனக்கு முன்னால் உட்காருவாள். "புதுப் பஞ்சுக் கலவையில நூலோட சராசரி பலம் இருபதைத் தொடும் சார்" என்றாள். மேனேஜர் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து அது ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை. சோதிக்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "இம்புட்டு வருஷமா இருக்கீங்க, இது உங்களுக்குத் தோணலையே?"

பால்கோவா

சாம்பிளுக்குக் கிடைத்தது எட்டே கோன். ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டி, நூல் எந்த இழுப்பில் அறுகிறது என்று பார்த்தோம். இருபதுக்குக் கீழே எண் விழ விழ, எனக்குப் பால்கோவா தின்ற மாதிரி இருந்தது. மெஷின் ஓட்டும் ராக்கம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்: "ஏக்கா, நூலு அறும்போதெல்லாம் சிரிக்கீகளே, ஆகாதவ சேலையா கிழியுது?"

கணக்கு

சராசரி இருபதுக்குக் கீழேதான் வந்தது. ஆனால் எட்டும் எட்டு விதம்; ஒன்று கம்பி மாதிரி, இன்னொன்று தொட்டாலே அறுகிறது. இப்படிச் சிதறிக் கிடக்கும் எட்டை வைத்து டி-டெஸ்ட் என்கிற புள்ளியியல் கணக்கைப் போட்டால், இந்தக் குறைவு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது. மறுபடி போட்டேன், அதேதான். வயிறு எரிய எரிய, 'கோதை சொன்னது தப்பென்று சொல்ல ஆதாரம் போதாது' என்று எழுதிக் கொடுத்தேன். 'சரி என்றும் ஆகிவிடவில்லை சார்' என்று நான் வாய் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்: "தப்பில்லைன்னா சரிதானே! கோதை சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

கைதட்டல்

"எட்டு பத்தாதுக்கா" என்று கோதையே வந்து நின்றாள். இரண்டு பேருமாகப் பெரிய சாம்பிள் எடுத்துச் சோதித்தோம். சராசரி இருபதில் வந்து நின்றது. அடுத்த மீட்டிங்கில் எழுந்தாள்: "அக்கா அவசரப்பட்டுத் தப்புன்னு எழுதியிருந்தா இந்தக் கலவையையே தூக்கிப் போட்டிருப்போம். பேரு அவுகளுக்குத்தான் சார்." எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக்கூடக் கண் கலங்கியது. அதற்குள் மேனேஜர் அவள் பக்கம் திரும்பிவிட்டார்: "எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க இந்தப் பிள்ளைக்கு!"

கூட வேலை பார்ப்பவள் கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாகப் பொறாமைப்படலாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.