பெரியம்மாவின் வலது மணிக்கட்டு

பச்சை முருங்கைக் கிளையை முறித்தால் வருமே, அந்தச் சத்தம்தான். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். குழம்பில் உப்பு குறைந்ததாம். எழுபது வயது மனுஷியின் வலது கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறார் பெரியப்பா. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பெரியம்மா கோணிப்போன மணிக்கட்டை மடியில் ஏந்திக்கொண்டிருந்தாள். அந்த ஆள் மீதிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பாவி! தட்டைப் பிடுங்கி வீசினேன். சுவரெல்லாம் குழம்பு.

இத்தனை வருஷம் “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்” என்றே சொல்லிவந்தவள், அன்று டாக்டரிடம், “புருஷன் முறுக்கினாரு” என்றாள். அவர் போலீசுக்குத் தகவல் அனுப்பச் சொன்னார். பிறகு எக்ஸ்ரேயைக் காட்டி நிதானமாக விளக்கினார். எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போடலாம். தோல் வழியாகக் கம்பி குத்தி நிறுத்தலாம். இல்லையென்றால் அறுத்து, பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கலாம்.

“இந்த வயசுல கட்டே போதும்மா. ஆபரேஷன்ல தொந்தரவும் வரலாம். பிளேட் வெச்சா கை சீக்கிரம் வேலைக்கு வரும், அவ்வளவுதான். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணுதான்.”

“அந்த ஒரு வருஷம் நான் உயிரோட இருக்கணுமே சார்! கட்டு பேடா, வேணாம். ஒத்தக் கையை வெச்சுக்கிட்டு அடியை எப்பிடித் தடுக்கறது?”

டாக்டர் பிளேட்டே வைத்தார்.

போலீஸ் அந்த ஆளைக் கூப்பிட்டு மிரட்டி அனுப்பியதோடு சரி. பெரியம்மாவை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். விரல்களுக்குப் பலம் வர மாவு பிசையச் சொல்லியிருந்தார்கள். கண்ணில் நீர் வழியப் பிசைவாள். “போதும் விடு பெரியம்மா” என்றால், “நீ சும்மா இருடி” என்று சீறுவாள்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பெரியப்பா குடித்துவிட்டு வந்து நின்றார். “வீட்டுக்கு வாடி!” என்று கையை ஓங்கினார். பெரியம்மா அவர் மணிக்கட்டைத் தன் வலது கையாலேயே எட்டிப் பிடித்தாள். அவர் திமிறினார்; பிடி விடவில்லை. அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

“எனக்கும் முறுக்கத் தெரியும். இந்த வயசுல உடைஞ்சா லேசுல சேராது, அதுக்காக விடறேன். போய்யா!”

போய்விட்டார். பெரியம்மா இன்றும் எங்களோடுதான் இருக்கிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் ஆறவில்லை. ஒரே ஒரு முறுக்கு முறுக்கியிருக்கலாம்.