பில்டரில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் நெல் அறுப்பு மெஷினுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை, மீட்டரில் எத்தனை மணி, என்ன மாற்றினோம், யார் மாற்றினார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஓட்டுவது என் வீட்டுக்காரர். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அறுத்த குடும்பம் எங்களுடையது. சொந்தமாக வந்த முதல் மெஷின் இது. இருநூற்றைம்பது மணிக்கு ஒருமுறை இஞ்சின் ஆயிலும் பில்டரும் மாற்றுவதை ஒருநாள்கூடத் தள்ளிப்போட விட்டதில்லை.

ஆயுதபூஜைக்கு மறுநாள், மீட்டர் 499 காட்டியபோது, ராமகுப்பத்திலிருந்து லாரியில் ஏற்றி, சித்தூருக்கு வெளியே உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீசுக்கு விட்டோம். மூன்றாம் நாள் எடுக்கப் போனோம். வீட்டுக்காரர் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்தார். தார் மாதிரி இருந்தது. நான் நோட்டும் கையுமாகக் குனிந்து பார்த்தேன். பூஜையன்று பில்டரில் நான் வைத்த சந்தனப்பொட்டு, நடுவில் குங்குமத்தோடு அப்படியே இருந்தது.

ஆயில் மாற்றவே இல்லை, பில்டரில் பொட்டுகூட அழியவில்லை என்று வீட்டுக்காரர் போர்மேனிடம் சொன்னார். எதிர் டீக்கடையில் ஏழெட்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். போர்மேன் அவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

"நாங்க மட்டும் பூஜ பண்ணலியாம்மா? புது பில்டரு போட்டு நாங்களேதான் பொட்டு வெச்சோம்." பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "ஏம்பா, நோட்டு அம்மா கையில கீது. ஸ்டீரிங்காவது உன் கையில கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். போர்மேன் நீட்டிய பில்லில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் ஆயிலும் பில்டரும் நாங்களே மாற்றினோம். அதன் பிறகு எந்த ஊர் வயலில் இறங்கினாலும் அவருக்குப் 'பொட்டு டிரைவர்' என்றே பெயர். மற்ற டிரைவர்கள் கூடுகிற இடத்துக்கு அவர் டீ குடிக்கப் போவதை நிறுத்திவிட்டார். போகாத நாட்களையும் நோட்டில் குறித்தேன்.

மார்கழிக் கடைசியில் மீட்டர் 748. தை அறுப்புக்குத் தடா பக்கம் போவதற்கு முன் சர்வீஸ் செய்தாக வேண்டும். வேறு ஒர்க்‌ஷாப் பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர். அதே இடம்தான் என்றேன். ஆனால் என் கோபத்துக்கு இஞ்சினைப் பலி கொடுக்க முடியாது. ஆகவே முதலில் வீட்டிலேயே அவரை ஆயிலும் பில்டரும் மாற்ற வைத்தேன். வேலை முடிந்ததும் மெஷினுக்கு அடியில் படுத்து, சிவப்பு நகப்பாலிஷால் இரண்டு கோடு போட்டேன். ஒன்று பில்டரிலிருந்து இஞ்சின்மேல் ஏறும். மற்றது ஆயில் இறக்குகிற நட்டிலிருந்து ஆயில் தொட்டிமேல் ஓடும். பில்டரையோ நட்டையோ திருகினால் கோடு உடையும். உடைந்ததைப் பழையபடி சேர்க்க யாராலும் ஆகாது.

பிறகு மெஷினை அதே ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். எடுக்கப் போனது சனிக்கிழமை. அறுப்புக்கு முன் மெஷின்கள் நிறையும் நாள் என்று பார்த்தே போனேன். டீக்கடையில் அதே முகங்கள்.

ஆயில் மாற்றியாயிற்றா என்று போர்மேனிடம் கேட்டேன்.

"புது ஆயிலு, புது பில்டரு. திருப்பதி ஏடுகொண்டலவாடு மேல சத்தியம்மா."

கையோடு கொண்டுபோன டார்ச்சை அவனிடம் நீட்டினேன். அடியில் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஆளை அனுப்புகிறேன் என்றான். நீங்களே பாருங்கள் என்றேன். டிரைவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். வேறு வழியில்லாமல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். டார்ச் வெளிச்சம் பில்டரில் நின்றது, நட்டில் நின்றது, மறுபடி பில்டருக்கு வந்தது. வெளியே வர நேரம் பிடித்தது.

"செவப்புக் கோடு ரெண்டும் உடையாம கீதே. இதுவும் நீங்க பூஜையில வெச்சதா?" என்று கேட்டேன்.

இப்போதே எல்லாம் மாற்றித் தருகிறேன், அடுத்த சர்வீசும் என் பொறுப்பு என்று தணிந்த குரலில் சொன்னான். எனக்கு அதெல்லாம் வேண்டாம். போன தடவை என் வீட்டுக்காரர் சொன்னது நிஜம் என்று இவர்கள் முன்னால் சொல்லச் சொன்னேன். தெலுங்கில் முணுமுணுத்தான். தமிழ்க்காரர்களும் இருக்கிறார்கள் என்றேன். தமிழிலும் சொன்னான்.

மெஷினை லாரியில் ஏற்றும்போது வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். "போதும் வுடுமே. மனுசன் மண்ணுல படுத்து எய்ந்துட்டான்."

"அவன் படுத்தது ஒரு நாளு. நீ டீக்கடைக்குப் போவாத நாளு எத்தினின்னு நோட்டுல கீது."

அவர் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். டிரைவர்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் குடித்து முடிக்கும்வரை நான் லாரியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே போர்மேன் முதுகை வளைத்து வளைத்துச் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை எட்டாத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ் அப்பியிருந்தது. யாரும் துடைத்துவிடவில்லை. இன்னும் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.