எக்ஸ்ரே அக்கா எடுத்த மொழி

பேருந்தில் டிக்கெட் எடுக்காதவரைக் கண்டுபிடிக்க, செக்கரான அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முகம் பொய் சொல்லச் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது. அவள் பார்ப்பது கையை. டிக்கெட் இருப்பவரின் கை எப்படியோ கிடக்கும். இல்லாதவர், செக்கர் ஏறியதைக் கண்டதும், கட்டைவிரலை மற்ற நாலு விரல்களுக்குள் ஒளித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பத்தொன்பது வருடத்தில் இந்தக் குறி மூன்று முறைதான் தப்பியது. அதில் ஒருவருக்குக் கட்டைவிரலே கிடையாது. கண்டக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. நேரில் பார்த்தால் மரியாதையாக எக்ஸ்ரே அக்கா.

கட்டைவிரல் விஷயம் இன்னொரு ஆளுக்கும் தெரியும். அது பெரியக்கா, இவளைப் போலவே ஒரு செக்கர். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரே ஜோடி. முன்கதவில் இவள் ஏறுவாள், பின்கதவில் பெரியக்கா. நடுவில் மாட்டியவர் ஜன்னல் வழியாகக் குதித்தால்தான் உண்டு. உலகத்திலேயே எக்ஸ்ரே சந்தேகப்படாத ஒரே ஜீவன் பெரியக்காதான்.

அப்படிப்பட்ட எக்ஸ்ரேயின் தலையில்தான் அந்த அறிவிப்பு விழுந்தது. அடுத்த வருடத்திலிருந்து நிறுத்தங்களில் கார்டு தேய்க்கும் கேட் வரப்போகிறது. செக்கர் பிரிவு மூடப்படும். பதினொரு செக்கர்களும் விரும்பினால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் மொழியை நிர்வாகத்தின் செலவில் படிக்கலாம். எந்த மொழி என்பது அவரவர் இஷ்டம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. தேறியவர்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் ‘பரிசீலிக்கப்படுவார்கள்’. அந்தக் கடைசி வார்த்தையை அவள் நாலு முறை படித்தாள். பிடிக்கவில்லை.

இந்த வேலை போனால் வீடு நிற்காது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். முழங்கால் கெட்டதிலிருந்து மாதத்தில் பாதி நாள் அவரையே யாராவது மேலே ஏற்றிவிட வேண்டியிருக்கிறது. மகள் எட்டாவது படிக்கிறாள். எக்ஸ்ரேக்கு நாற்பத்து நாலு வயது. ஒரே ஒரு மொழி, ஒரே ஒரு வாய்ப்பு. தப்பான மொழியை எழுதிவிட்டால் அவ்வளவுதான்.

ஆகவே விசாரணையை ஆரம்பித்தாள். ரிப்போர்ட் நோட்டில் மூன்று பத்தி போட்டாள்: சொன்னவர் யார், சொன்ன மொழி எது, அதில் அவருக்கு என்ன லாபம்.

முதலில் கொழுந்தன் வந்தான். “ஜாவா எடுங்க அண்ணி. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க.” தூங்குவதைத் தவிர வேறு எதையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்ததில்லை. இரண்டு நாள் துருவியதில், ஜாவா சொல்லிக்கொடுக்கும் இடம் அவன் சிநேகிதனுடையது என்று தெரிந்தது. மூன்றாவது பத்தி நிறைந்தது.

அடுத்து ஒரு பயிற்சி நிலையம். வரவேற்பில் இருந்த பெண் தேன் தடவிப் பேசினாள். “உங்க வயசை நினைச்சாதான் மேடம் எனக்குக் கவலையா இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட் சேர்ந்துடுங்க, ஆறே மாசத்துல வேலை.” ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவள் வகுப்பறையை எட்டிப் பார்த்தாள். மவுஸ்களின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

போனிலும் தேடினாள். ‘வருங்காலத்தை ஆளப்போகும் பத்து மொழிகள்’ என்று ஐந்து கட்டுரைகள் கிடைத்தன. ஒன்றில் முதலிடம் பிடித்தது இன்னொன்றில் ஒன்பதாம் இடத்தில் கிடந்தது. ஐந்தும் ஒத்துப்போனது ஒரே ஒரு இடத்தில்தான்: எங்கள் வகுப்பில் இன்றே சேருங்கள்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. அது நீதான்,” என்றார் கணவர். “அவங்கவங்க தெரிஞ்சதைச் சொல்றாங்க. இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லாமயா சொல்வாங்க?”

“உன்னைக் கட்டிக்கிறேன்னு நான் சொன்னப்ப?”

“அதையும் விசாரிச்சுட்டுத்தான் சரின்னேன்.”

அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கினார்.

சிரித்துவிட்டாளே தவிர, படுத்த பிறகும் எழுந்து எழுந்து நோட்டைப் புரட்டினாள். கெடு நாளைக்கு என்றிருந்த வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல் டிப்போவின் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். அங்கே இருபத்தாறு வருடமாக இருப்பவர் கண்ணாடிக்காரர். ஒரே ஆள், ஒரே மெஷின். இரண்டும் சேர்ந்து வயதானவை.

“எதை எழுதலாம் சார்?”

“எதுவா இருந்தாலும் சரிதாம்மா. எல்லாம் ஒண்ணுதான். எழுத்துதான் வேற.” அவர் இதமாகச் சிரித்தார். அவருக்கு விற்க எதுவும் இல்லை, கமிஷனும் இல்லை. மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றுமே இல்லையே என்று எழுந்தவள், பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தாள். அவரது இடது கை மேஜை மேல் இருந்தது. கட்டைவிரல் உள்ளே இருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது.

மாலை ஐந்தரைக்கு வாசலில் நின்றாள். கண்ணாடிக்காரர் இத்தனை வருடமும் வீட்டுக்குப் போக இந்தப் பக்கத்து நிறுத்தத்தில்தான் ஏறுவார். இன்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கப் பேருந்தில் ஏறினார். அவள் பின்கதவில் ஏறினாள். நாலாவது நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மருந்துக்கடையின் மாடிக்குப் போனார். அங்கே ஒரு வகுப்பறை. தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். பலகையில் பெரிதாகப் ‘பைத்தான்’ என்று எழுதியிருந்தது.

அவள் போய்த் தோளைத் தட்டினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

“டிக்கெட் சரியாத்தான் இருக்கு சார். வேற எதுவோதான் சரியில்ல.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பூனைக்குட்டி வெளியே வந்தது.

“புது கேட்டுக்கான புரோகிராமையெல்லாம் பைத்தான்லதான் எழுதப் போறாங்க. பழைய மெஷினைத் தூக்குற அன்னைக்கு என்னையும் தூக்கிடுவாங்க. புதுப் பிரிவுல ரெண்டே சீட்டுதாம்மா.”

“அதனாலதான் எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னீங்களா?”

“தனக்குப் போகத்தானே தானம்?”

“ஆதாரம்?”

பைக்குள்ளிருந்து புது கேட் பற்றிய தடித்த மேனுவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நிர்வாகத்தின் முத்திரை இருந்தது. அவர் சொன்னது அச்சில் இருந்தது. இரண்டு பேர் என்பதும் இருந்தது. அவள் மூன்று முறை படித்தாள்.

“இன்னொரு சீட்டு உங்களுக்குன்னு வச்சுக்குங்க,” என்று குரலைத் தாழ்த்தினார். “வெளிய மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.”

அவள் மேனுவலைத் திருப்பிக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் ஊரையே சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. வீடு பிழைத்தது.

வெள்ளிக்கிழமை மதியம், செக்கர்கள் ஓய்வறையில் அவள் படிவத்தை நிரப்பி மடித்து வைத்திருந்தாள். பெரியக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள். பெரியக்காவின் படிவத்தில் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது.

“ஏண்டி, ஒரு மாசமா நீதான் ஊரைக் குடைஞ்சியே. கடைசியில எதுதான் நல்லது? நீ சொல்றதை அப்படியே எழுதிடறேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

பெரியக்காவுக்குக் கணவர் இல்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரும், படித்து முடிக்காத மகனும் இருக்கிறார்கள். இது எக்ஸ்ரேக்குத் தெரியாததல்ல. இரண்டு சீட்டு என்பதும் தெரியும். ஒன்று கண்ணாடிக்காரருக்கு. அவர் விடமாட்டார்.

“எதுவா இருந்தாலும் சரிதான்க்கா,” என்றாள். “எல்லாம் ஒண்ணுதான்.”

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பெரியக்கா தலையாட்டினாள். பேனா மூடியைத் திறந்தாள். ஆனால் எழுதவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று எக்ஸ்ரேயும் குனிந்தாள்.

மேஜை மேல் இருந்தது எக்ஸ்ரேயின் சொந்தக் கை. கட்டைவிரலைக் காணவில்லை.

வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் எல்லோரும் ஏன் முதலில் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று பத்தொன்பது வருடம் கழித்து அவளுக்குப் புரிந்தது. இவளும் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

“விரலை வெளிய எடு,” என்றாள் பெரியக்கா. “எது, எங்க, எத்தனை மணிக்கு?”

“பைத்தான். மருந்துக்கடை மாடி. ஆறு மணிக்கு.” விரலை வெளியே எடுத்தாள். “ரெண்டு சீட்டுதான்க்கா இருக்கு. ஒண்ணுல கண்ணாடிக்காரர் துண்டு போட்டுட்டார்.”

பெரியக்கா நிதானமாக ‘பைத்தான்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காயும் வரை ஊதினாள்.

“அதுக்கென்ன?” என்றாள். “முன்கதவுல நீ ஏறு. பின்கதவுல நான் வர்றேன்.”